பாட மறுத்த ராஜபார்ட்

திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு நீளமான மதில் இருக்கிறது. போன வாரம் காலையில் தயிர் வாங்கப் போனபோது அதில் ஒருவர் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கைகூப்பிச் சிரிக்கும் ஒரு சினிமா நடிகரின் முகம், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. முகத்தைப் பார்க்க நான் நிற்கவில்லை. பசையின் வாசனைதான் என்னை நிறுத்தியது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து கிளறிய பசை. லேசான புளிப்பும், பின்னாலேயே நாக்கில் செம்பு பட்டதுபோல ஒரு கசப்பும் வரும். மூக்கைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

“இன்னா நைனா, சொம்மா நின்னுகினு கீறே? உம் மூஞ்சியிலயும் ஒண்ணு ஒட்டட்டா?” என்றார் அந்த ஆள்.

வெறும் கிண்ணத்தோடு வீடு திரும்பினேன். அதற்கு வாங்கிய திட்டை விட்டுவிடுவோம்.

என் இருபத்தைந்தாவது வயதில் இதே பசையை நான் நாள்தோறும் காய்ச்சினேன். சுவரொட்டிக்கு அல்ல, கிரீடத்துக்கு. அட்டையை வெட்டி ஜிகினாக் காகிதம் ஒட்டினால் அரை நாளில் ஒரு சக்ரவர்த்தி தயார். ராயபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனி இருந்தது. தகரக் கொட்டகை, அதிலிருந்து இரண்டு சந்து தள்ளி, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடிகர்களைத் தங்கவைத்திருந்தார்கள். நான் அங்கே சேர்ந்தது நடிக்கத்தான். முதல் மாதமே சேவகன் வேஷம் கொடுத்தார்கள். “மன்னா, எதிரி கோட்டையை நெருங்கிவிட்டான்” என்று ஓடி வந்து சொல்லவேண்டும். ஓடி வந்தேன். “மன்னா, கோட்டை எதிரியை நெருங்கிவிட்டது” என்றேன். கொட்டகை சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. மறுநாளிலிருந்து என்னை எழுத்து வேலைக்குப் போட்டுவிட்டார்கள். நாடகப் பாடங்களைப் பிரதி எடுப்பது, ஆட்டத்தின்போது பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுப்பது, மிச்ச நேரத்தில் பசை.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மில் தொழிலாளர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அவர்களுக்காக ஞாயிறு தோறும் பகல் ஆட்டம் உண்டு. பகலில் விளக்கு எடுபடாதல்லவா, அதனால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்துக் கதவுகளையும் சாத்திவிடுவோம். மேலே தகரம் காயும், உள்ளே ஆயிரம் பேர் மூச்சுவிடுவார்கள். அடைத்துவைத்த சட்டிக்குள் பயறு வேகிற மாதிரி நாங்கள் வெந்துகொண்டே நாடகம் போட்டோம். இன்றைக்கும் ஏதாவது அறைக் கதவை யாராவது சாத்தினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். டாக்டர் வேறு காரணம் சொல்கிறார்.

அந்தக் கம்பெனியின் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், முனிரத்தினம். புளியந்தோப்புக்காரர். அப்பா மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கத்தினால்தான் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் என்று மற்றவர்கள் கத்துவார்கள். முனிரத்தினம் கத்தவே மாட்டார். கடைசி பெஞ்சில் இருக்கிற கரி மூட்டைக்காரருக்குத் தன் தோளில் கைபோட்டுக்கொண்டு யாரோ பாடுவதுபோல இருக்கும். அந்தக் குரலை எப்படிச் சொல்வது என்று ஐம்பது வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

நாடு கதரும் சிறையுமாகக் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நாடக உலகம் முழுவதும் கதர்க் கட்சிதான். புராண நாடகமானாலும் கடைசியில் ஒரு தேசப் பாட்டு இல்லாமல் படுதா விழாது. எங்கள் முதலாளி அதில் வியாபாரத்துக்காக இறங்கியவர் அல்ல. சிறைக்குப் போய், நீங்காத இருமலோடு வந்தவர். கோணி மாதிரி முரட்டுக் கதரை உடுத்திக்கொண்டு அரிப்பைப் பொறுத்துக்கொள்வார். அவரே எழுதிய பாட்டு ஒன்று எல்லா ஆட்டத்தின் முடிவிலும் வரும். முனிரத்தினம் ராஜ உடையைக் களைந்து வெள்ளைக் கதரில் படுதாவுக்கு முன்னால் வந்து நிற்பார்.

தீயே தீயே, திறந்திடு வாயை,
தேசம் அழித்த துணி இதோ!

இரண்டாவது வரி முடிவதற்குள் சீமைத் துணிச் சட்டைகளும் மேல்துண்டுகளும் மேடையில் வந்து விழும். அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் கொளுத்துவோம். எனக்கும் உடம்பு புல்லரிக்கும். கழற்றிப் போட என்னிடம் இருந்த ஒரே சட்டை உள்ளூர்த் துணி என்பதில் ரகசியமாக ஒரு நிம்மதியும் உண்டு.

கொட்டகைச் சுவரோரம், பூவரச மரத்தடியில் பாப்பம்மா என்றொரு அம்மாள் துண்டுத் துணி விற்பாள். காசிமேட்டுக்காரி. புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கப்பலில் வரும் துணிப் பொதிகளில் தண்ணீர் பட்டு ஒதுக்கியதை வாங்கி, அலசி, கஞ்சி போட்டு, ரவிக்கைத் துணியாக வெட்டி விற்பாள். உப்புக் கறை தெரியாமல் மடிப்பதில் கெட்டிக்காரி. எங்கள் ராஜ உடைக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் அவளிடம்தான் எடுத்தோம். நான்தான் போய் எடுத்துவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு என்றைக்கும் இல்லாதபடி ஏறிவிட்டது. கதவைத் திறந்ததும் ஜனம் வெறியோடு வெளியே பாய்ந்தது. வாசலில் தீ எரிகிறது. எதிரே பாப்பம்மாவின் மூட்டை. நாலைந்து பேர் அதைத் தூக்கினார்கள்.

“யோவ், அது சீமைத் துணியில்லய்யா, எங்க வூட்டு சோறுய்யா!” என்று மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தரையில் இழுபட்டாள். மூட்டை தீயில் விழுந்தது. எடுக்கப் போனவளின் முன்கை வெந்தது. யாரோ “பாரத மாதாவுக்கு ஜே” என்றார்கள். நாங்களும் “ஜே” என்றோம். நானும் சொன்னேன். வாய் பழகிவிட்டிருந்தது.

முகத்தில் பூசிய அரிதாரம் அழிக்காமல் முனிரத்தினம் வெளியே வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அவரைப் பார்த்ததும் பாப்பம்மா அழுகையை நிறுத்திவிட்டாள்.

“ராசா, நல்லாத்தான் பாடினே. இங்க வரைக்கும் கேட்டுச்சி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று மாலையே முனிரத்தினம் அந்த வெல்வெட் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். ஏதோ எழுதவேண்டியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

“மொதலாளி, இதுவும் அந்தப் பொம்பளைகிட்ட வாங்கினதுதான். இதையும் கொளுத்திடலாமா?”

முதலாளி அங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது வேஷம், முனிரத்தினம். அது வேற.”

“அவ வயிறு மட்டும் வேஷமா?”

“ஒரு தேசம் எழுந்திருக்கும்போது நாலு பேருக்குக் கால் மிதிபடத்தான் செய்யும். எனக்கும் மிதிபட்டுதே, நான் அழுதேனா?”

“நீங்களா போய்ப் படுத்தீங்க மொதலாளி. அவள நாம தள்ளினோம்” என்றார் முனிரத்தினம். “ஆட்டம் ஆடறேன். அந்தப் பாட்டு மட்டும் வாணாம். இனிமே பாடமாட்டேன்.”

முதலாளி கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்து வைத்தார். ஐந்து வருஷம், அதில் இரண்டு வருஷம் பாக்கி. கம்பெனி கொடுக்கும் பாட்டைப் பாடவேண்டும், வேறு கம்பெனி மேடையில் ஏறக்கூடாது, மீறினால் ஜாமீன் போட்டவர் கோர்ட்டுக்கு வரவேண்டும். ஜாமீன் இடத்தில் முனிரத்தினத்தின் அப்பாவுடைய கட்டைவிரல் ரேகை. நூல் முடிந்து முடிந்து தேய்ந்த விரல்; ரேகையே இல்லாமல் வெறும் மைத்தீற்றலாக இருந்தது. முனிரத்தினம் அந்தத் தீற்றலை விரலால் ஒருமுறை தடவிவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஞாயிறு. ஆட்டம் தொடங்கும் முன் முதலாளி என் ஸ்டூலுக்கு அருகில் வந்தார். “வாசல்ல இவன் பாட்டக் கேக்க அவ்ளோ ஜனம் வந்திருக்கு. மேடையில நின்னா தானா பாடிடுவான். நீ முதல் வரியை எடுத்துக் கொடு. விடாம கொடு” என்றார்.

நாடகம் முடிந்தது. முனிரத்தினம் படுதாவுக்கு முன்னால் வந்து கைகூப்பினார். கொட்டகை அடங்கியது. நான் என் வேலையைச் செய்தேன். “தீயே தீயே… தீயே தீயே…” மூன்றாவது தடவை அவர் பக்கவாட்டில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மறந்துபூடுச்சின்னா நெனச்சிகினே, ரைட்டரே?”

சபை சிரித்தது; வேடிக்கைக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அவர் பேசினார். பாட்டுப்போலவே, கத்தாமல். போன வாரம் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய் ஒரு ஏழையின் மூட்டையை எரித்தோம், அவள் கையும் வெந்தது. எரித்தது உங்கள் கை, கொளுத்தியது என் வாய். இனி இந்தப் பாட்டை என் வாய் பாடாது. சுயராஜ்யம் எனக்கும் வேண்டும், அது பாப்பம்மாவுக்கும் சேர்த்து வரட்டும் என்றார். எண்ணினால் ஏழெட்டு வாக்கியம் இருக்கும்.

முதல் சோடா பாட்டில் வந்து ஹார்மோனியத்தின் மேல் உடைந்தது. “துரோகி!” “வெள்ளைக்காரன் எச்சில்!” பெஞ்சுகள் கவிழ்ந்தன. கதவுகள் சாத்தியிருந்தன; உள்ளே இருட்டும் புழுக்கமும் வெறியும். அவர் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. நாங்கள் இழுத்துவந்து ஒப்பனை அறையில் போட்டுத் தாழிட்டோம். நெற்றியில் கண்ணாடிச் சில்லு. நான் ஈரத்துணியால் துடைத்தேன்.

மறுநாள் காலை, தாம்பாளம் நிறையப் பழத்தோடு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் நாங்கள் தங்கியிருந்த கம்பெனி வீட்டுக்கே வந்துவிட்டார். “தைரியசாலி அய்யா நீர்” என்று முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். சர்க்கார் விசுவாசிகள் ஒரு கூட்டம் போடுகிறார்களாம். அங்கே வந்து இதையே பேசினால் போதுமாம். ஒப்பந்தத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

அந்த நிமிஷம் முனிரத்தினத்துக்கு எதிரே திறந்திருந்த ஒரே கதவு அதுதான்.

“அய்யா, நா சண்டை போட்டது எங்க வூட்டு ஆளுங்களோட. அதுக்கு உங்க வூட்டுத் தாவாரத்துல வந்து நிக்கணுமா?” என்றார் முனிரத்தினம். “பழத்த எடுத்துகினு போங்க.”

இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார். போலீஸ் கொண்டுவந்த பழத்தட்டு கம்பெனி வீட்டுக்குள் போனதை ராயபுரமே பார்த்தது. முனிரத்தினம் சொன்ன பதிலை அந்த நாலு சுவர்தான் கேட்டது. சாயங்காலத்துக்குள் அவர் விலைபோய்விட்டார் என்று முடிவாகிவிட்டது. நான் நாலு இடத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “நீயும் பழம் தின்னியா?” என்றார்கள். அப்புறம் நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். நான் தைரியசாலி இல்லை என்பதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம். முதலாளி கோர்ட்டுக்கும் போகவில்லை, அவரை விலக்கவும் இல்லை, மேடையேற்றவும் இல்லை. அப்பாவின் ரேகையை நினைத்து அவரும் ஓடிப்போகவில்லை. வெளியே விட்டால் எதிர்க் கட்சிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று முதலாளிக்குப் பயம். அந்தக் கிடங்கு வீட்டுக்கு ஒரே வாசல், இரும்புக் கம்பிக் கதவு, ஒரு காவல்காரர். முனிரத்தினத்துக்கு மட்டும் வெளியே போக அனுமதி கேட்கவேண்டும். கேட்டால் கிடைக்கும், கூடவே ஓர் ஆளும் வருவான். ஒரு தடவை ராயபுரம் கடற்கரைக்கு நானும் போனேன். மணலில் உட்கார்ந்தோம். பத்தடி பின்னால் அந்த ஆள். துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. “அது கூட ரெண்டு கட்சியும் இல்லாத எடத்துக்குப் போவாது, இல்ல?” என்றார். அதன் பிறகு அவர் அனுமதி கேட்கவில்லை.

மற்ற நடிகர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். வெறுப்பால் என்று சொல்லமாட்டேன். அவரோடு பேசுகிறவன் என்று பெயரெடுத்தால் இன்னொரு கம்பெனியில் இடம் கிடைக்காது. அவருடைய வேஷங்களை ஒரு திருச்சிக்காரர் ஆடினார், கத்திப் பாடினார். ஆட்டநாளில் நாங்கள் எல்லோரும் கொட்டகைக்குப் போய்விடுவோம்; அவர் மட்டும் அந்தப் பெரிய கிடங்கில் இருப்பார். எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்தப் பாட்டுத்தான் வாயில் வருகிறது என்று சாதகம் செய்வதையும் விட்டுவிட்டார்.

தினமும் மாலையில் முதலாளி வந்து அவர் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்காருவார். இருமிக்கொண்டே சொல்வார்: “ஒரே ஒரு தடவை, முனிரத்தினம். ஒரு வரி. எல்லாம் சரியாப் போயிடும். உன் குரல் இப்படி வீணாப் போறதைப் பார்க்க எனக்குத் தாங்கலை.”

“ஒரு வரிதான்னா, எதுக்கு மொதலாளி இத்தினி நாளா கெஞ்சறீங்க?”

முதலாளி இருமுவார்; எழுந்து போகமாட்டார். யாரை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அந்த இரண்டு வருஷமும் அவரைத் தேடி வந்தது பாப்பம்மா மட்டும்தான். துணி போனபின் மீன் விற்கத் தொடங்கியிருந்தாள். வெந்த கையில் தழும்பு பளபளக்கும். வெள்ளிக்கிழமை தோறும் கூடையோடு வந்து கம்பிக் கதவைத் தட்டுவாள். காவல்காரர் உள்ளே விடமாட்டார். வெளியே நின்றே கூப்பிடுவாள்: “இன்னா ராசா, துன்னியா? வஞ்சிரம் கொண்ணாந்து கீறேன், இந்த ஆளாண்ட குடுக்கறேன், பாதிய அவன் துன்னுடப்போறான், பாத்துக்கோ.”

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கூடையை இறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினாள். கிரீடம் ஒட்டிக்கொண்டு நான் முற்றத்தில் இருந்தேன்.

“யப்பா, எனக்காவ நீ ஏன் உள்ளார குந்திகினு கீறே? எம் பொயப்பு ஓடுது. மீன் நல்லாத்தான் போவுது. ஒரு தபா பாடித் தொலைச்சிட்டு வெளிய வா. நா ஒண்ணும் நெனச்சிக்கமாட்டேன். என் பேரச் சொல்லி நீ கெட்டுப்போறது எனுக்கு பேஜாரா கீது.”

முனிரத்தினம் கம்பிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் அப்படி உடைந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, சோடா பாட்டில் வந்த அன்றைக்குக்கூட.

“உனக்காவ இல்ல யக்கா” என்றார். “மொதல்ல உனக்காவத்தான். இப்ப எனக்கோசரம். இப்ப பாடினா, அந்தக் குரலு என்துன்னு எனுக்கே தெரியாமப் பூடும்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இரு” என்றாள். “மீனாவது ஒயுங்கா துன்னு.”

ஒப்பந்தம் முடிந்த காலையில் முதலாளியே கதவைத் திறந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் தோளில் கிடந்த கதர்ச் சால்வையை எடுத்து முனிரத்தினத்துக்குப் போர்த்தினார். மறுப்பார் என்று நான் நினைத்தேன். போர்த்திக்கொண்டார். “துணி மேல எனுக்கு இன்னா கோவம்” என்றார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கதவு திறந்தது, அடைப்பு திறக்கவில்லை. எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. இசைத்தட்டுப் பதிகிறவர்களிடம் போனார். தேசப் பாட்டு பாடுகிறவர்களின் தட்டுத்தான் விற்கிறது என்றார்கள். பேசும்படம் வந்த புதிது. குரல் உள்ளவர்களுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். அங்கேயும் போனார். பெயரைக் கேட்டார்கள். சொன்னார். “அந்த முனிரத்தினமா?” என்றார்களாம். வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். “பேரு இன்னாத்த பண்ணுச்சி பாவம்” என்று சிரித்தார்.

அப்புறம் அவரைப் பற்றிச் சேதி இல்லை. சில வருஷம் கழித்து, கதர்க் கட்சி மந்திரிகள் பதவிக்கு வந்த சமயம், எங்கள் முதலாளிக்கு மாலை போட்டுக் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் பாப்பம்மா மீன்கூடையோடு என்னைப் பார்த்துவிட்டு, “அவரு எண்ணூர் உப்பளத்துல கீறாரு, போய்ப் பாரு” என்றாள்.

போனேன். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் வெளி. பெண்கள் கூடை கூடையாக உப்பைச் சுமந்துகொண்டு வரிசையாகக் குவியலுக்கு வந்தார்கள். கூடை விழ விழ ஒருவர் எண்ணிக்கை சொல்லவேண்டும். ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். “லாபம்… ரெண்டேய்… மூணேய்…” நான் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கத்தாத குரல். காற்றில் அடிபட்டுக் கொஞ்சம் தடித்திருந்தது. எட்டைக் கீழே இறக்கி, ஒன்பதில் ஒரு சின்னக் கமகம் வைத்து, பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த கூடைக்காரி அந்தப் பத்து முடியும் வரைக்கும் காத்திருந்து கவிழ்த்தாள்.

வேலை முடிந்ததும் அருகில் போனேன். தலை பாதி நரைத்திருந்தது. அன்று வரி எடுத்துக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஆரம்பிப்பதற்குள், “அதுக்கா வந்தே? உடு, ரைட்டரே. உன்னியும்தான் அங்க அடைச்சி வச்சிருந்தாங்க” என்றார். கருவாடும் சோறும் போட்டார். பாடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பட்டணமே காலியான வருஷம், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ராயபுரத்தில் நாங்கள் உட்கார்ந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. இப்போது அங்கே கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கிடங்கு வீட்டை இடித்துவிட்டார்கள். எண்ணூரில் அந்த அளத்தின் பக்கம் புகைபோக்கிகள் எழும்பியிருக்கின்றன. அந்தக் குரலுக்கு ஒரு தட்டு கிடையாது, ஒரு படம் கிடையாது.

சென்ற வருஷம் எண்ணூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நுங்கு விற்கும் ஒரு கிழவியிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் உப்பளத்தில் கூடை சுமந்தவளாம்.

“எண்ணிக்கை சொல்றவரா?” என்றாள். “ஐயோ, அவரு எண்ண ஆரம்பிச்சா தலையில கூடை கீறதே தெரியாது நைனா. இன்னொரு நடை போலாமான்னு இருக்கும். அவரு பேரு இன்னான்னுதான் கேட்டுக்காமலே வுட்டுட்டோம்.”

நான் பெயரைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. கிழவி தலையை ஆட்டினாள். கேட்டதோ என்னவோ.